கருவாட்டுக்கும் ஓலைக் கொட்டானுக்கும் ஒரே டெலிவரி சார்ஜா? ஆன்லைன் கடையில் ரேட்டைப் பிரித்து வைக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான்: “அண்ணே, வீட்டிலிருந்தே ஆன்லைன் கடை நடத்துறேன். வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ். நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, குண்டு மிளகாய், மிளகாய்ப் பொடி, பனை ஓலைக் கொட்டான், கொஞ்சம் சிப்பிப் பொருள். எல்லாத்துக்கும் டெலிவரி 80 ரூபாய்னு ஒரே ரேட் வச்சிருக்கேன். மிளகாய்ப் பொடி வாங்க வர்றவங்க 80-ஐப் பார்த்ததும் ஓடிடுறாங்க. கொட்டான் வாங்குறவங்களுக்கு நான் கைக்காசு போட்டு அனுப்புறேன். பொருளுக்குப் பொருள் வேற ரேட் வைக்க முடியுமா?”

முடியும் தம்பி. வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் மென்பொருளிலேயே அதற்கு வசதி இருக்கிறது. காசு கொடுத்துத் தனிப் பிளகின் (கூடுதல் வசதி தரும் சின்ன மென்பொருள்) வாங்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. எப்போது அவசியப்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் ‘பொருளுக்குப் பொருள்’ என்ற எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களிடம் இன்று 20 பொருள் இருக்கலாம், நாளை 50 ஆகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட் போட்டால் ஆறு மாதத்தில் எது எதற்கு எவ்வளவு வைத்தோம் என்று உங்களுக்கே தெரியாது. கூரியர்காரர் உள்ளே கருப்பட்டி இருக்கிறதா பொடி இருக்கிறதா என்று பார்த்துக் காசு வாங்குவதில்லை. பெட்டியைப் பார்க்கிறார், எடையைப் பார்க்கிறார், பின்கோடைப் பார்க்கிறார். நீங்களும் ரேட்டைப் பெட்டிக்குத்தான் வைக்க வேண்டும். ஒரே பெட்டியில் சேர்ந்து போகக்கூடியதெல்லாம் ஒரு வகுப்பு. சேர்ந்து போகக் கூடாதது வேறு வகுப்பு. இந்த ஒன்றைச் சரியாகப் பிரித்துவிட்டால் மீதியெல்லாம் அரை மணி நேர வேலை.

முதலில் உங்கள் 80 ரூபாய் எங்கே போகிறது என்று பார்ப்போம். கூரியரில் இரண்டு எடை உண்டு. தராசில் வைத்தால் காட்டுவது ஒன்று. பெட்டி அடைக்கும் இடத்துக்குப் போடும் கணக்கு எடை இன்னொன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலான கூரியர்கள் 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். வகுக்கும் எண் சில இடங்களில் மாறும், உங்கள் கூரியரிடம் ஒரு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடுத்தர ஓலைக் கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நசுங்காமல் அனுப்ப 40 × 30 × 25 அளவில் அட்டைப்பெட்டி வேண்டும். பெருக்கினால் 30,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 6 கிலோ. தராசில் வைத்தால் பெட்டியோடு சேர்த்து முக்கால் கிலோ கூட வராது, பில் ஆறு கிலோவுக்கு வரும். உங்கள் கைக்காசு போகிற ஓட்டை இதுதான்.

கருப்பட்டி இதற்கு நேர் எதிர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 20 × 15 × 10 பெட்டி தாராளம். கணக்கு எடை 600 கிராம்தான். தராசு எடை பேக்கிங்கோடு ஒன்றே கால் கிலோ அளவுக்கு வரும். கூரியர் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்றுவதால் ஒன்றரைக் கிலோவுக்குப் பில் வரும். கனமான பொருளுக்குத் தராசு எடை, காற்றடைத்த பொருளுக்கு இட எடை. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்ப் பொருளிலேயே ஆளை ஏமாற்றுவது குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரிலிருந்து பேர் சொல்லிக் கேட்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அரைக் கிலோ முழு மிளகாயை உடையாமல் அனுப்ப 25 × 20 × 12 பெட்டியாவது வேண்டும். கணக்குப் போட்டால் 1.2 கிலோ, பில் ஒன்றரைக் கிலோவுக்கு. அதே மிளகாயைப் பொடியாக அரைத்து அனுப்பினால் ஒரு கவரில் அடங்கிவிடும், பில் ஏறக்குறைய தராசு எடைக்குத்தான். கடையில் இரண்டும் ‘மிளகாய்’ என்ற ஒரே தலைப்பில் இருக்கும், கூரியருக்கு இரண்டும் வேறு வேறு சரக்கு. முழு மிளகாயும் பொடியும் ஒரே பொருளின் இரண்டு வகைகளாகக் கடையில் ஏற்றியிருந்தாலும் கவலையில்லை. வூகாமர்ஸில் ஒவ்வொரு வேரியேஷனுக்கும் தனித்தனி ஷிப்பிங் கிளாஸ், அதாவது டெலிவரி வகுப்பு, கொடுக்கலாம்.

ஆகவே கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது: ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப், ஒரு தராசு. பொருளைப் பேக் செய்து, டேப் ஒட்டி, கூரியர் ஆபீஸுக்குக் கொண்டுபோகிற நிலையில் வைத்து அளந்து எழுதுங்கள். வெறும் பொருளின் எடையை எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. பெட்டி அளவுகளையும் மூன்று நான்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கிடைத்த பழைய பெட்டியில் அடைத்து அனுப்புகிற வரைக்கும் எந்த ரேட் வைத்தாலும் நிற்காது, ஏனென்றால் ஒரே ஆர்டருக்கு இந்த வாரம் ஒரு பில், அடுத்த வாரம் வேறு பில் வரும். அப்புறம், கூரியர் சொல்லும் ரேட்டின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்துத்தான் நோட்டில் எழுத வேண்டும். 100 ரூபாய் என்றால் உங்களுக்கு அது 118.

தபால் ஆபீஸையும் விட்டுவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட் 35 கிலோ வரை எடுக்கும். எடைக்கும் தூரத்துக்கும் சேர்த்து ரேட். தூரம் உள்ளூர், 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்று படிப்படியாக ஏறும். அரைக் கிலோவுக்குக் கீழே உள்ள பொடிப் பொட்டலத்துக்கு, அதுவும் வடக்கே அனுப்பும்போது, தனியார் கூரியரை விடக் கட்டுப்படியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமத்து பின்கோடுகளுக்குத் தபால்காரர் வீட்டு வாசலுக்கே போகிறார் என்பது தனி லாபம்.

இனி வகுப்புகள். உங்கள் சரக்குக்கு நான் நான்குதான் போடுவேன்.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, மிளகாய்ப் பொடி மூன்றும் ஒரே பெட்டியில் போகலாம். அதற்கு ‘பொதுப்பெட்டி’ என்று பேர் வையுங்கள். பொடிப் பாக்கெட்டின் ஓரத்தைச் சூட்டில் ஒட்டி, தனிக் கவரில் போட்டுவிட்டால் கருப்பட்டியில் காரம் ஏறாது. மழைக்காலத்தில் கருப்பட்டி இளகும், ஐப்பசி கார்த்திகையில் இரட்டைக் கவர் போட வேண்டும், அந்த எடையையும் சேர்த்தே அளந்து வையுங்கள்.

ஓலைக் கொட்டான், கூடை, முழு மிளகாய் போன்ற இடம் அடைக்கும் சரக்கு இரண்டாவது வகுப்பு. முழு மிளகாயைக் கொட்டானுக்குள்ளேயே வைத்துக் கட்டி அனுப்பலாம், இரண்டும் ஒரே பெட்டியாகிவிடும். வாடிக்கையாளருக்குப் பார்க்கவும் அழகு. முழு மிளகாய் தனியாகத்தான் அதிகம் விற்கிறது என்றால், கொட்டானின் ரேட்டை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்போது அதற்கு மட்டும் ஐந்தாவது வகுப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கருவாடு. இதை எதனோடும் சேர்க்க முடியாது. நெத்திலியோ சீலாவோ, எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் இரண்டு நாள் லாரியில் கிடந்தால் வாடை கசியும். கருப்பட்டி அதை இழுத்துக்கொள்ளும், ஓலை அதைவிட வேகமாக இழுக்கும். கருவாடு எப்போதும் தனிப் பெட்டி, எப்போதும் தனி பில். இன்னொன்று, எல்லாக் கூரியரும் கருவாடு எடுப்பதில்லை. கவுன்டரில் பழக்கத்துக்காக வாங்கிக்கொள்வார்கள், நடுவழியில் வேறு ஊர்க் கிடங்கில் வாடை வருகிறது என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எடுப்பார்களா, தரைவழியில் மட்டுமா, எந்த மாநிலம் வரை என்று முன்கூட்டியே கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். சென்னைக்கும் கோவைக்கும் மொத்தமாகப் போவது என்றால் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுவதையே பலர் செய்கிறார்கள். வாங்குகிறவர் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போய் எடுக்க வேண்டும், அதை அவரிடம் ஆர்டரின்போதே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது சிப்பிப் பொருள். உடையும் சரக்கு. பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் காகிதம் திணித்து அனுப்ப வேண்டியிருப்பதால் இட எடை கூடும். இந்த வகுப்பில் ரேட்டைவிட முக்கியமான ஒன்று: பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை இவற்றையெல்லாம் கடையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை அவை. சங்கு, சிப்பியிலும் சில இனங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் ஓரத்திலேயே உட்கார்ந்து கடை நடத்துகிறோம், வனத்துறையினர் ஆன்லைனையும் பார்க்கிறார்கள். எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு பில் இருக்கிற சரக்கை மட்டும் விற்பது நல்லது.

இப்போது கம்ப்யூட்டருக்கு வாருங்கள். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் ஷிப்பிங் என்ற பகுதிக்குள் ‘ஷிப்பிங் கிளாஸஸ்’ இருக்கும். அதில் இந்த நான்கையும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு பொருளையும் திறந்து, ஷிப்பிங் என்ற தாவலில் அதற்குரிய கிளாஸைத் தேர்ந்தெடுங்கள். எதையாவது விட்டுவிட்டால் அது ‘கிளாஸ் இல்லாதது’ என்ற கணக்கில் போகும். அதற்கும் ஒரு ரேட் போட்டு வைக்க இடம் உண்டு, காலியாக விடாதீர்கள்.

அடுத்தது ஜோன், அதாவது எந்தப் பகுதிக்கு எந்த ரேட். முதல் ஜோன் நம்ம மாவட்டம். பகுதியாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, பின்கோடு எழுதும் கட்டத்தில் 623 என்று போட்டுப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வைத்தால் போதும். ராமேஸ்வரம் 623526, கீழக்கரை 623517, ராமநாதபுரம் 623501, பரமக்குடி 623707 எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டாவது ஜோன் தமிழ்நாடும் புதுச்சேரியும். வூகாமர்ஸ் புதுச்சேரியைத் தனி மாநிலமாகத்தான் வைத்திருக்கிறது, அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் காரைக்கால்காரர் வடமாநில ரேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாவது கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா. நான்காவது மற்ற மாநிலங்கள். வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு ஆகியவற்றை ஐந்தாவதாகப் பிரித்துவிடுங்கள். அங்கே போகிற ஒரு பெட்டி, மற்ற பத்துப் பெட்டியின் லாபத்தைத் தின்றுவிடும்.

ஜோன்களின் வரிசை முக்கியம். வூகாமர்ஸ் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், முதலில் பொருந்துகிற ஜோனோடு நின்றுவிடும். தமிழ்நாடு ஜோன் மேலேயும் 623 ஜோன் கீழேயும் இருந்தால் பாம்பன்காரருக்கும் சென்னை ரேட்தான் காட்டும். உள்ளூர் ஜோனைப் பிடித்து இழுத்து உச்சியில் வையுங்கள்.

ஒவ்வொரு ஜோனுக்குள்ளும் ‘ஃப்ளாட் ரேட்’ என்ற முறையைச் சேர்த்தால், அதற்குள் உங்கள் நான்கு கிளாஸுக்கும் நான்கு கட்டங்கள் வரும். ரேட்டை எழுத வேண்டிய இடம் இது. மேலே பொதுவாக ஒரு ‘காஸ்ட்’ கட்டமும் இருக்கும். அதில் போடுவது எல்லா ஆர்டரிலும் கூடுதலாக ஏறும், அதனால் அங்கே பூஜ்யம் போட்டுவிட்டு கிளாஸ் கட்டங்களில் மட்டும் எழுதுங்கள்.

கட்டத்தில் 60 என்று வெறும் எண்ணை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? ஒருவர் ஒரு கிலோ கருப்பட்டி வாங்கினாலும் 60, பத்துக் கிலோ வாங்கினாலும் 60. கிளாஸ் கட்டணம் அந்த வகுப்புக்கு ஒரு தடவைதான் ஏறும், எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகாது. தீபாவளிக்கு யாராவது மொத்தமாக வாங்கும்போது முதலுக்கே மோசம் வந்துவிடும். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கட்டத்தில் முதலில் ஒரு அடிப்படைத் தொகை, கூட்டல் குறி, பிறகு ஒரு பாக்கெட்டுக்கான தொகை, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் க்யூ, டி, ஒய் என்ற மூன்று சின்ன ஆங்கில எழுத்துகள். அந்த மூன்று எழுத்து வருகிற இடத்தில் அந்த வகுப்பில் எத்தனை பாக்கெட் என்ற எண்ணை வூகாமர்ஸே போட்டுக்கொள்ளும்.

தமிழ்நாடு ஜோனில் பொதுப்பெட்டிக்கு 35 அடிப்படை, பாக்கெட்டுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 60, இரண்டுக்கு 85, நான்குக்கு 135. கருவாட்டுக்கு 70 அடிப்படை, பாக்கெட்டுக்கு 20. ஒன்றுக்கு 90, மூன்றுக்கு 130. கொட்டானுக்கு 140 அடிப்படை, ஒன்றுக்கு 30 என்றால் ஒன்றுக்கு 170, மூன்றுக்கு 230. கொட்டானுக்கு அடிப்படையைப் பெரிதாகவும் எண்ணிக்கைத் தொகையைச் சிறிதாகவும் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சின்னது நடுத்தரம் பெரியது என்று மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் பெரியதன் பெட்டியிலேயே மூன்றும் அடங்கிவிடும். முதல் கொட்டான்தான் காசு தின்னும், அடுத்தது சும்மா சவாரி. கருப்பட்டி அப்படியில்லை, ஒவ்வொரு கிலோவும் ஒரு கிலோதான். இந்த எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், உங்கள் நோட்டில் உள்ள பில்லை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிற ஒரு கட்டம் அதற்குக் கீழே இருக்கிறது, ‘கால்குலேஷன் டைப்’ என்று. இரண்டு வழி. ‘பெர் கிளாஸ்’ என்று வைத்தால் வாங்குகிறவரின் கூடையில் (கடையின் ‘கார்ட்’) உள்ள எல்லா வகுப்பின் கட்டணமும் கூட்டப்படும். ‘பெர் ஆர்டர்’ என்று வைத்தால் அதிகமான ஒரு வகுப்பின் கட்டணம் மட்டும் வசூலாகும். ஒருவர் இரண்டு பாக்கெட் கருப்பட்டியும் ஒரு பாக்கெட் நெத்திலியும் எடுக்கிறார். முதல் வழியில் 85-ம் 90-ம் சேர்த்து 175. இரண்டாவது வழியில் 90 மட்டும். நீங்கள் எப்படியும் இரண்டு பெட்டி கட்டி இரண்டு பில் கொடுக்கப் போகிறீர்கள், அந்த 85 யார் வீட்டுக் காசு? உங்களுக்கு ‘பெர் கிளாஸ்’தான். வகுப்பைப் பெட்டியாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். பொருளின் இனத்தை வைத்து இனிப்பு, காரம், பலசரக்கு என்று பிரித்திருந்தால், ஒரே பெட்டியில் போகிற கருப்பட்டிக்கும் பொடிக்கும் இரண்டு தடவை காசு வாங்கியிருப்பீர்கள். வாங்குகிறவர் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு டெலிவரி சார்ஜ் எதற்கு என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

தொலைவான மாநிலங்களுக்குக் கருவாடு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த ஜோனில் கருவாட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால் போதும் என்று தோன்றும். போதாது. காலிக் கட்டத்தை வூகாமர்ஸ் ‘அனுப்ப மாட்டோம்’ என்று எடுத்துக்கொள்வதில்லை, கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். டெல்லிக்காரர் கருப்பட்டியோடு ஒரு கிலோ கருவாட்டையும் கூடையில் போட்டால் கருப்பட்டிக்கு மட்டும் காசு வாங்கிவிட்டு கருவாடு இலவசமாகப் போகும். உண்மையிலேயே தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று சின்னப் பிளகின் வேண்டும். அது இல்லாத வரைக்கும் கட்டத்தில் உண்மையான செலவை எழுதுங்கள், பெரிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. வேண்டுமென்கிறவர் கொடுப்பார். பொருள் விவரத்திலும் ‘தென்மாநிலங்களுக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

இலவச டெலிவரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு மாதத்தில் கேட்பீர்கள். எல்லாக் கடையிலும் 999-க்கு மேல் இலவசம் என்று இருக்கிறது, நாமும் வைக்கலாமே என்று தோன்றும். வூகாமர்ஸில் அந்த முறை முழுக் கூடைக்கும் பொருந்தும், ஒரு வகுப்பை மட்டும் விலக்கி வைக்க அதில் இடமில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கொட்டான் வாங்குகிறவருக்கும் இலவசம் என்று ஆகிவிடும், அவருடைய பெட்டிதான் ஆறு கிலோ. உங்களுக்கு ஆசையாக இருந்தால் 623 ஜோனில் மட்டும் வையுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கருப்பட்டி, பொடிக்கு மட்டும் செல்லுபடியாகிற கூப்பன் கொடுத்து விலையில் குறையுங்கள், கணக்கு உங்கள் கையில் நிற்கும். இலவசம் வைத்தாலும் பழைய ஃப்ளாட் ரேட் தானாக மறையாது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிளகாய்ப் பொடிக்காரர்கள் ஓடுகிறார்கள் என்றீர்களே, அது ரேட்டை 80-லிருந்து 60 ஆக்கினால் மட்டும் தீராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? 100 கிராம் பொடியைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டு, பேக்கிங்கோடு சேர்த்து அரைக் கிலோ வருகிற மாதிரி மொத்தமாகக் கட்டு போடுங்கள். கால் கிலோ மிளகாய்ப் பொடி, கூடவே கொஞ்சம் பனங்கற்கண்டு என்று சேர்த்தும் போடலாம். கூரியரின் முதல் அரைக் கிலோவுக்கு நீங்கள் கொடுக்கிற காசு பொட்டலம் சின்னதாக இருந்தாலும் அதேதான், அதை நிரப்பி அனுப்புங்கள். அப்புறம் டெலிவரியில் ஒரு 20, 25 ரூபாயைப் பொருளின் விலைக்குள் ஏற்றிவிட்டு, வெளியே காட்டும் ரேட்டைக் குறையுங்கள். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, மொத்தத் தொகை அதேதான். ஆனால் கொட்டானில் இதைச் செய்யாதீர்கள். கடைக்கே வந்து எடுக்கிற உள்ளூர்க்காரர் சும்மா அந்தக் காசைச் சுமக்க வேண்டியிருக்கும். அவருக்காக 623 ஜோனில் ‘லோக்கல் பிக்கப்’ என்ற முறையையும் சேர்த்து, பூஜ்யம் போட்டு வைத்துவிடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியை எல்லா ஊருக்கும் திறந்து விடாதீர்கள். கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பினால் போன கூலியும் வந்த கூலியும் உங்களுடையது, கொட்டான் என்றால் ஆறு கிலோவுக்கு இரண்டு தடவை. கருவாடு திரும்பி வந்தால் மறுபடி விற்கவும் முடியாது. அந்தப் பேமென்ட் முறையின் செட்டிங்கில் எந்தெந்த ஷிப்பிங் முறைக்கு மட்டும் அது தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். உள்ளூர் ஜோனின் ஃப்ளாட் ரேட்டை மட்டும் அங்கே தேர்ந்தெடுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால் ஒரு விஷயம்: டெலிவரி சார்ஜை அதே பில்லில் போடும்போது, பொருளுக்கு என்ன வரி விகிதமோ அதே விகிதம்தான் சார்ஜுக்கும். வூகாமர்ஸின் டாக்ஸ் செட்டிங்கிலும் கூடையில் உள்ள பொருளை வைத்து என்ற தேர்வு இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம். பல விகிதப் பொருட்கள் கலந்து வந்தால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

பிளகின் எப்போது வேண்டும் என்றால், பாக்கெட் அளவுகள் கூடும்போது. அந்த மூன்றெழுத்துச் சூத்திரம் பாக்கெட்டைத்தான் எண்ணும், எடையைப் பார்க்காது. அரைக் கிலோ பாக்கெட்டும் ஐந்து கிலோ சிப்பமும் அதற்கு ஒன்றுதான். எல்லாக் கருப்பட்டியும் ஒரு கிலோ பாக்கெட் என்று இருக்கிற வரை பிரச்சினை இல்லை. கால் கிலோ, அரைக் கிலோ, ஐந்து கிலோ என்று விற்க ஆரம்பித்தால், எடைக்கு ஏற்ப அட்டவணை போடுகிற ‘டேபிள் ரேட்’ வகைப் பிளகின் ஒன்றை வாங்குங்கள். அதற்காகக் கிளாஸை உடைத்து அரைக் கிலோவுக்கு ஒன்று, ஒரு கிலோவுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரே பெட்டிக்கு இரண்டு கட்டணம் கூடிவிடும்.

உங்கள் நண்பர் யாராவது ஷாப்பிஃபை நல்லது என்று சொல்லலாம். அதில் எடைக்கு ஏற்ற ரேட் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. வகுப்புக்குப் பதில் ‘ஷிப்பிங் புரொஃபைல்’. இரண்டு புரொஃபைல் பொருட்கள் ஒரே கூடையில் வந்தால் அங்கேயும் கட்டணம் கூட்டித்தான் வரும், ஆகவே பெட்டிக்கு ஒரு புரொஃபைல் என்ற கணக்கு அங்கும் செல்லும். கொட்டானின் எடையாக முக்கால் கிலோவை எழுதாமல் பில் வருகிற 6 கிலோவை எழுதிவிடுங்கள், ரேட் தானாகச் சரியாகிவிடும். மாதச் சந்தா கட்ட வேண்டும், அதற்காக மட்டும் இப்போது இடம் மாற வேண்டாம் என்பது என் எண்ணம்.

எல்லாம் போட்டு முடித்ததும் சோதனை. அட்மினாக உள்ளே இருந்துகொண்டு பார்த்தால் உங்கள் சொந்த விலாசத்துக்கான ரேட்தான் தெரியும். இன்காக்னிட்டோ ஜன்னலில் வெளியாள் மாதிரி திறந்து, 623526, சென்னை 600001, பெங்களூரு 560001, டெல்லி 110001, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 744101 என்று ஒவ்வொரு பின்கோடாகப் போட்டுப் பாருங்கள். தனிக் கருப்பட்டி, தனிக் கொட்டான், கருப்பட்டியும் கருவாடும், நான்கும் சேர்ந்தது என்று கூடையை மாற்றி மாற்றி. நோட்டில் கையால் கூட்டிய தொகையும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ரேட்டை மாற்றியும் பழையதே காட்டினால், ஷிப்பிங் செட்டிங்ஸில் உள்ள டீபக் மோடை ஆன் செய்து பார்த்துவிட்டு மறக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

பெட்டியைத் தராசில் வைத்து, இஞ்ச் டேப் பக்கத்தில் தெரிய ஒரு போட்டோ எடுத்து வைக்கும் பழக்கமும் இருக்கட்டும். கூரியர் கிடங்கில் மறுபடி அளந்து, இவ்வளவு கூடுதல் என்று பின்னால் பிடித்தம் செய்வார்கள். போட்டோ இருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதக் கடைசியில் இரண்டு தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வாடிக்கையாளர்களிடம் டெலிவரிக்கென்று வாங்கியது, கூரியருக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் ரூபாய் பிசகாமல் வர வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள், அது யாருக்கும் வராது. வகுப்பு வாரியாக மொத்தம் ஏறக்குறைய சமமாக வந்தால் போதும். கொட்டானில் தொடர்ந்து துண்டு விழுந்தால் கொட்டான் கட்டத்தில் மட்டும் பத்து ரூபாய் ஏற்றுங்கள், மற்றதைத் தொட வேண்டாம்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பாக்கி. நம்ம பகுதியில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார், கட்டாயம் கேட்பார்கள். அதைத் தானாக நடக்க விடாதீர்கள். ஜோன் பட்டியலின் அடியில் ‘மற்ற இடங்கள்’ என்று ஒன்று இருக்கும். அதில் எந்த முறையையும் சேர்க்காமல் விட்டால் வெளிநாட்டு விலாசத்துக்கு ஆர்டர் முடியாது. கடையின் முகப்பில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, வெளிநாட்டுக்கு இங்கே கேளுங்கள் என்று எழுதுங்கள். கேட்டவரின் நாட்டில் என்ன உணவுப் பொருளை உள்ளே விடுவார்கள் என்று பார்த்து, எடை போட்டு, ரேட் சொல்லி, பணம் வந்த பிறகு அனுப்புங்கள்.